ரேடியோ கட்டுப்பாட்டு ஹைட்ரோபிளேன் படகுகள்: வரலாறும் பந்தயமும்

ரேடியோ கட்டுப்பாட்டு ஹைட்ரோபிளேன் என்பது கரையில் நிற்பவர் ரேடியோ அலைகளின் மூலம் இயக்கும் சிறிய அதிவேகப் படகு. சாதாரணப் படகு நீரை விலக்கிக்கொண்டு செல்கிறது. ஹைட்ரோபிளேன் நீரின் மேற்பரப்பில் சறுக்கிச் செல்கிறது. முழு வேகத்தில் ஓடும்போது அதன் இரு பக்கங்களிலும் உள்ள ஸ்பான்சன் எனப்படும் மிதவைகளின் பின்முனைகளும், புரொப்பெல்லரின் கீழ்ப்பாதியும், சுக்கான் போன்ற சில மெல்லிய தகடுகளும் மட்டுமே நீரைத் தொடும். மற்ற பகுதி முழுவதும் காற்றில் இருக்கும்.

இது பெரிய பந்தயப் படகைப் பார்த்துச் செய்த விளையாட்டுப் பொருள் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் ஹைட்ரோபிளேன் என்ற எண்ணம் முதலில் சோதிக்கப்பட்டதே ஒரு சிறு மாதிரியில்தான். பின்னாளில் பெரிய படகுகள் பல ஓட்டுநர்களின் உயிரைப் பறித்தன. அதே இயற்பியலை ஆளில்லாமல் அனுபவிக்க மாதிரிப் படகு வழி தந்தது.

மாதிரியில் தொடங்கிய எண்ணம்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிளேடன் என்னும் ஊரின் பாதிரியாராக இருந்தவர் சார்லஸ் மீட் ராமஸ். படகின் அடிப்பாகத்தை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு ஆப்புகளைப் போலச் செதுக்கினால், வேகம் கூடும்போது அது நீரிலிருந்து மேலெழும் என்று அவர் கருதினார். 1872இல் இதை பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைக்கு எழுதி அனுப்பினார்.

கடற்படை இந்த யோசனையை வில்லியம் ஃபுரூடிடம் ஒப்படைத்தது. ஃபுரூட் அப்போதுதான் டார்க்கீ நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, சிறு மாதிரிகளை இழுத்துக் கப்பல்களின் நீர்த்தடையை அளக்கும் முறையை உருவாக்கியிருந்தார். ராமஸின் வடிவத்தையும் அவ்வாறே சோதித்தார். அன்றைய கப்பல்கள் எட்டக்கூடிய வேகத்தில் இந்த வடிவத்தால் பயன் இல்லை என்று கண்டார். மேலெழும் அளவு வேகம் பெற மிக வலிமையான இயந்திரம் தேவை. அவ்வளவு வலிமை தரும் நீராவி இயந்திரத்தின் எடையே படகை மேலெழ விடாது. ராமஸின் எண்ணம் தவறன்று. அதற்கேற்ற இயந்திரம் அப்போது பிறக்கவில்லை.

எடை குறைந்த பெட்ரோல் இயந்திரம் வந்தபின் நிலைமை மாறியது. கப்பல் வடிவமைப்பாளர் ஜான் தோர்னிகிராஃப்ட் 1877இலேயே அடிப்பாகத்தில் காற்றைத் தேக்கும் படகுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவரது 'மிராண்டா 4' 1910இல் ஒரே படி கொண்ட அடிப்பாகத்துடன் நீரின்மேல் சறுக்கி ஓடியது. முதல் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய சிறிய டார்பிடோ விசைப்படகுகள் இந்த வழியில் வந்தவையே.

மூன்று புள்ளிகள்

படி வைத்த படகுகள் வேகமாக ஓடினாலும் நிலையாக ஓடவில்லை. 1930களில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வென்ட்னார் படகுத் தொழிற்சாலையை நடத்திய ஏப்பெல் குடும்பத்தினர் இதற்குத் தீர்வு கண்டனர். முன்பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பான்சனை வைத்தனர். பின்பகுதி மூன்றாவது தாங்குபுள்ளி ஆனது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதைப் போல இந்தப் படகு நீரில் நிலையாக நின்றது. இரு ஸ்பான்சன்களுக்கும் இடையே அடிப்பாகம் ஒரு சுரங்கம் போல அமைந்ததால், அங்கு நுழைந்த காற்று படகைத் தாங்கியது. மால்கம் கேம்ப்பெல்லின் 'புளூபேர்ட் கே4' இந்த முறையில் கட்டப்பட்டு, 1939 ஆகஸ்டில் கானிஸ்டன் ஏரியில் மணிக்கு 141.74 மைல் வேகம் எட்டியது.

அடுத்த மாற்றம் சியாட்டில் நகரில் நிகழ்ந்தது. கார் விற்பனையாளர் ஸ்டான்லி சேயர்ஸ் படகின் உரிமையாளர். போயிங் விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிய டெட் ஜோன்ஸ் அதை வடிவமைத்தார். படகுப் பட்டறை உரிமையாளர் ஆங்கர் ஜென்சன் கட்டினார். போர்க்காலப் போர் விமானத்தின் ஆலிசன் இயந்திரம் பொருத்திய அந்த 'ஸ்லோ-மோ-ஷன் 4', 1950 ஜூன் 26 அன்று வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160.32 மைல் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. முழு வேகத்தில் அதன் பின்பகுதியும் நீரைவிட்டு எழுந்தது. புரொப்பெல்லரின் கீழ்ப்பாதி மட்டுமே நீரில் சுழன்றது. இன்றைய மாதிரி ஹைட்ரோபிளேன்கள் ஏறத்தாழ எல்லாமே இந்த முறையில்தான் ஓடுகின்றன.

கம்பத்தைச் சுற்றிய படகுகள்

மாதிரிப் படகுக்காரர்கள் ரேடியோவுக்காகக் காத்திருக்கவில்லை. லண்டனின் விக்டோரியா பூங்காவில் 1904இல் மாதிரி நீராவிப் படகுச் சங்கம் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் சங்கங்கள் ஒன்றுகூடி 1924இல் மாதிரி விசைப்படகுக் கூட்டமைப்பை நிறுவின.

அந்நாளைய வேகப்படகுகளைத் திருப்புவதற்கு வழி இல்லை. ஆகவே குளத்தின் நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதில் கட்டிய கம்பியின் மறுமுனையில் படகைப் பூட்டினர். செக்கு மாட்டைப் போலப் படகு வட்டமடித்தது. எத்தனை விநாடியில் எத்தனை சுற்று என்பதே போட்டி. இன்றும் ஐரோப்பாவில் இந்த விளையாட்டு நடக்கிறது. ஒரு சுற்று சரியாக 100 மீட்டர் வரும்படி கம்பியின் நீளத்தை 15.92 மீட்டராக வைக்கின்றனர். 10 சிசி இயந்திரம் பொருத்திய படகுகள் இதில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன.

இந்தக் கம்பிப் படகுகளே மாதிரி ஹைட்ரோபிளேனின் பள்ளிக்கூடம். சிறு இயந்திரத்தை மிக வேகமாகச் சுழல வைப்பது, பாதி மூழ்கிய புரொப்பெல்லரைச் செதுக்குவது, ஸ்பான்சனின் சாய்வைச் சரிசெய்வது ஆகிய மூன்றும் இங்கேதான் கற்றுக்கொள்ளப்பட்டன. ஆனால் இந்தப் படகுக்கு ஓட்டுநர் என்று ஒருவர் இல்லை. ஏவிவிட்டபின் மனிதருக்கு அதில் வேலையில்லை.

ரேடியோவின் வருகை

ரேடியோவால் இயக்கப்பட்ட முதல் வாகனமும் ஒரு படகுதான். நிகோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கில், கம்பித் தொடர்பு எதுவுமின்றித் தொலைவிலிருந்து இயக்கும் சிறிய படகை உருவாக்கினார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 613,809 என்ற எண்ணுடன் அதே ஆண்டு நவம்பர் 8 அன்று அவருக்குக் கிடைத்தது.

டெஸ்லாவின் கருவி பொழுதுபோக்காளர் கைக்கு வர அரை நூற்றாண்டு ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மாதிரிகளில் சுக்கானைத் திருப்ப முறுக்கிய ரப்பர் பட்டையால் இயங்கும் பொறி ஒன்று இருந்தது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சுக்கான் முழுவதும் இடப்பக்கம் திரும்பும். மறுமுறை அழுத்தினால் வலப்பக்கம். நடுநிலை தவிர வேறு அளவே கிடையாது. மெதுவாகச் செல்லும் இழுவைப் படகுக்கு இது போதும். ஹைட்ரோபிளேனுக்குப் போதாது. வேகத்தில் சுக்கான் சட்டென முழுவதும் திரும்பினால் படகு கவிழ்ந்துவிடும்.

1960களில் விகிதக் கட்டுப்பாடு பரவியது. விரல் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவே சுக்கானும் நகரும். டிரான்சிஸ்டர்கள் ரிசீவரின் எடையைக் குறைத்தன. இந்த இரண்டும் சேர்ந்த பிறகே மாதிரி ஹைட்ரோபிளேன்களை ஒன்றையொன்று துரத்தும்படி ஓட்டுவது கைகூடியது.

இன்னொரு தடை நீடித்தது. ஒரே அலைவரிசையில் இருவர் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால் இருவரின் படகும் கட்டுப்பாட்டை இழக்கும். அதனால் ஏரிக்கரையில் ஒரு பலகை வைத்து, அலைவரிசைக்கு ஒரு கிளிப் மாட்டியிருப்பார்கள். கிளிப் கையில் இருப்பவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம். 2000களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தபின் இந்தக் கவலை ஏறக்குறைய மறைந்தது.

சியாட்டிலின் சிறுவர்கள்

ஸ்லோ-மோ-ஷன் 4 டெட்ராய்ட் நகருக்குச் சென்று 1950இன் கோல்டு கப் போட்டியில் வென்றது. வென்றவரின் ஊரில் அடுத்த போட்டி என்பது அன்றைய வழக்கம். ஆகவே 1951இல் கோல்டு கப் சியாட்டிலுக்கு வந்தது. அந்நகருக்கு அப்போது முதன்மைத் தொழில்முறை விளையாட்டு அணி எதுவும் இல்லை. ஹைட்ரோபிளேனே ஊரின் அணி ஆனது. சிறுவர்கள் பலகைத் துண்டுகளில் ஹைட்ரோபிளேன் வடிவத்தை வெட்டி, தங்கள் விருப்பப் படகின் வண்ணத்தைப் பூசி, சைக்கிளின் பின்னால் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்துச் சென்றனர்.

சியாட்டில் பகுதியில் 'ஆர்/சி அன்லிமிடெட்ஸ்' என்னும் சங்கம் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிகளை ஓட்டுகிறது. ஒவ்வொரு மாதிரியும் உண்மையில் பந்தயத்தில் ஓடிய ஒரு படகின் நகலாக இருக்க வேண்டும் என்பது இத்தகைய பந்தயத்தின் அடிப்படை. வடிவம், வண்ணம், எண், பெயர் எல்லாம் மூலப் படகுடன் ஒத்திருக்க வேண்டும். மரத்தால் ஆன பழைய பந்தயப் படகுகளில் பல உடைந்தோ கைவிடப்பட்டோ மறைந்துவிட்டன. அவற்றில் சிலவற்றின் உருவத்தை இன்று நீரில் காண இந்த மாதிரிகளே வழி. இவ்வாறு ஒரு பொழுதுபோக்கு ஆவணக் காப்பகத்தின் வேலையையும் செய்கிறது.

கட்டும் முறை

மாதிரி ஹைட்ரோபிளேன் பெரும்பாலும் மெல்லிய பிர்ச் மர ஒட்டுப்பலகையால் கட்டப்படுகிறது. முதலில் வளையாத சமதளப் பலகை ஒன்றின்மேல் குறுக்குச் சட்டங்களை நிறுத்துகின்றனர். நீளச் சட்டங்களை எபாக்சி பசையால் ஒட்டுகின்றனர். பிறகு அடித்தகடும் மேல்தகடும் வருகின்றன. கட்டும்போது உடல் சற்று முறுகினாலும் படகு நேராக ஓடாது. ஆகவே பசை முழுவதும் காயும்வரை அதைப் பலகையிலிருந்து எடுப்பதில்லை. உள்ளறைகளில் மிதக்கும் நுரைப்பொருளை அடைப்பது கட்டாயம். கவிழ்ந்த படகு மூழ்காமல் இருக்க அதுவே காப்பு. கண்ணாடியிழை, கார்பன் இழை உடல்களும் இப்போது பரவலாக உள்ளன.

இயந்திரத்தில் மூன்று வகை உண்டு. முதலாவது மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆமணக்கு எண்ணெய் அல்லது செயற்கை எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் நைட்ரோ இயந்திரம். 3.5 சிசி, 7.5 சிசி, 11 சிசி எனக் கொள்ளளவை வைத்து வகுப்புகள் பிரிக்கப்படுகின்றன. இரண்டாவது பெட்ரோல் இயந்திரம். புல்வெட்டும் கருவியில் வரும் 26 சிசி அளவிலான இயந்திரங்களே மாற்றியமைக்கப்பட்டுப் படகுக்கு வந்தன. மூன்றாவது மின்மோட்டார். பிரஷ் இல்லாத மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்தபின் இது நைட்ரோவுக்கு ஈடுகொடுக்கிறது.

புரொப்பெல்லர் பெரும்பாலும் இரண்டு இதழ்கள் கொண்டது. பெரிலியம் கலந்த செம்பால் வார்க்கப்படுகிறது. வாங்கியதை அப்படியே மாட்டுவதில்லை. ஒவ்வொருவரும் விளிம்பைத் தீட்டி, இரு இதழ்களின் எடையைச் சமன்செய்து பயன்படுத்துகின்றனர். புரொப்பெல்லரின் எண்ணிலேயே அதன் கணக்கு அடங்கியுள்ளது. ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்442 என்றால் விட்டம் 42 மில்லிமீட்டர், புரியிடை விகிதம் 1.4. ஒரு சுற்றுக்கு அது 42 × 1.4 = 58.8 மில்லிமீட்டர் முன்னேற வேண்டும். நிமிடத்துக்கு 25,000 சுற்று என்றால் கணக்குப்படி மணிக்கு 88 கிலோமீட்டர். நீரில் வழுக்குவதால் உண்மை வேகம் இதைவிடக் குறையும்.

கடைசியாக வருவது சமநிலை. எடை முன்னால் கூடினால் மூக்கு நீரில் குத்தும். பின்னால் கூடினால் மூக்கு காற்றில் எழும். பேட்டரியை ஓர் அங்குலம் நகர்த்துவதே சில நேரம் நல்ல படகுக்கும் கவிழும் படகுக்கும் இடையிலான வேறுபாடு.

பந்தய நாள்

வட அமெரிக்காவில் நாம்பா, ஐஎம்பிபிஏ என்னும் இரு கூட்டமைப்புகள் விதிகளை வகுக்கின்றன. ஏரியில் மிதவைக் குறிகளை இட்டு நீள்வட்டப் பாதை அமைக்கப்படுகிறது. பெரிய படகுகளுக்கு ஒரு சுற்று மூன்றில் ஒரு மைல், அதாவது சுமார் 536 மீட்டர் என்பது நாம்பாவின் வழக்கம். பெரிய ஹைட்ரோபிளேன்கள் இடஞ்சுழியாக ஓடுகின்றன. மாதிரிகள் பொதுவாக வலஞ்சுழியாக ஓடுகின்றன. அதனால் திருப்பத்தில் படகு வெளியே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் தகடு வலப்பக்க ஸ்பான்சனில் இருக்கும்.

படகுகள் நின்ற நிலையிலிருந்து புறப்படுவதில்லை. கடிகாரம் பின்னோக்கி எண்ணும்போதே அவை நீரில் சுற்றிக்கொண்டிருக்கும். கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டும்போது தொடக்கக் கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு விநாடி முந்தினால் தண்டனை. ஒரு விநாடி பிந்தினால் மற்றவர் கிளப்பும் நீர்த்திவலைக்குள் ஓட வேண்டும். பாதி பந்தயம் இந்தத் தொடக்கத்திலேயே முடிவாகிறது. நின்றுபோன படகு ஓடும் பாதையில் மிதந்துகொண்டிருக்கும். மற்றவர்கள் அதைச் சுற்றிச் செல்ல வேண்டும். சுற்று முடிந்தபின் ஒருவர் துடுப்புப் படகில் சென்று எடுத்துவருவார்.

அளவும் ஆபத்தும்

மாதிரி எவ்வளவு தூரம் மூலத்தைப் போல நடந்துகொள்ளும்? இதற்கும் விடை ஃபுரூடின் தொட்டியிலிருந்தே வருகிறது. நீளம் எட்டில் ஒன்றாகக் குறைந்தால், ஒத்த நடத்தை காட்டும் வேகம் எட்டின் வர்க்கமூலமான 2.83 மடங்கு குறையும் என்பது அவரது விதி. மணிக்கு 60 மைலில் ஓடும் மாதிரி, 170 மைலில் ஓடும் மூலப் படகுக்கு நிகர். எடை 8 × 8 × 8 = 512 மடங்கு குறையும். மூன்று டன் படகுக்கு ஆறு கிலோ மாதிரி நிகர்.

காற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும். அடியில் புகும் காற்று தூக்கும் விசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம், ஒத்த வேகத்தில் இரண்டிலும் சமம். ஆகவே பெரிய படகைப் புரட்டும் அதே காரணம் சிறியதையும் புரட்டுகிறது. ஏரியில் அடிக்கும் காற்று மட்டும் நம் வசதிக்காகச் சிறுத்துவிடுவதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று மாதிரிக்கு 42 கிலோமீட்டர் காற்றைப் போன்றது.

மூக்கு சற்றே உயர்ந்ததும் சுரங்கத்தில் புகும் காற்று மேலும் தூக்குகிறது. உயர உயரத் தூக்குவிசை கூடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கிறது. 1955இல் சியாட்டிலில் ஸ்லோ-மோ-ஷன் 5 இவ்வாறு முழு வட்டம் அடித்தது. ஓட்டுநர் லூ ஃபேஜால் படுகாயத்துடன் உயிர் பிழைத்தார். டொனால்டு கேம்ப்பெல் 1967 ஜனவரி 4 அன்று கானிஸ்டன் ஏரியில் புளூபேர்ட் கே7 மேலெழுந்து விழுந்ததில் இறந்தார். பில் மன்சி 1981 அக்டோபரில் அகாபுல்கோவிலும், டீன் செனவெத் 1982 ஜூலையில் கொலம்பியா ஆற்றிலும் இதே வகையில் இறந்தனர். மற்ற வகை விபத்துகளும் குறைவல்ல. 1966 ஜூன் 19 அன்று வாஷிங்டன் நகரின் பொடோமக் ஆற்றில் ரான் மஸ்ஸன், ரெக்ஸ் மான்செஸ்டர், டான் வில்சன் ஆகிய மூவரும் ஒரே நாளில் உயிரிழந்தனர். 1986இல் 'மிஸ் பட்வைசர்' படகில் எஃப்-16 போர் விமானத்தின் மூடுகூண்டு பொருத்தப்பட்ட பிறகே இந்த நிலை மாறத் தொடங்கியது.

மாதிரிப் பந்தயத்தில் இத்தகைய கவிழ்தல் அன்றாட நிகழ்ச்சி. எடை 512 மடங்கு குறைகிறது. வேகத்தின் வர்க்கம் எட்டு மடங்கு குறைகிறது. ஆகவே மோதலின் ஆற்றல் 4,096 மடங்கு குறைகிறது. அன்றிரவே பசை தடவி, மறுநாள் மீண்டும் ஓட்டிவிடலாம். ஆபத்து முற்றிலும் இல்லை என்பதும் சரியன்று. கட்டுப்பாடு இழந்து கரையேறும் ஆறு கிலோ படகு ஒருவரின் காலை முறிக்கக்கூடும். அதனால்தான் பார்வையாளர்களுக்கு எல்லைக்கோடு, சிக்னல் அறுந்தால் இயந்திரத்தின் வேகத்தைத் தானாகக் குறைக்கும் அமைப்பு, உறுப்பினர்களுக்குக் காப்பீடு ஆகியவை இந்த விளையாட்டில் இடம்பெறுகின்றன.

மாதிரியின் இடம்

ஸ்லோ-மோ-ஷன் 4 இன்று சியாட்டிலின் வரலாறு மற்றும் தொழில் அருங்காட்சியகத்தில் கூரையிலிருந்து தொங்குகிறது. அது இனி நீரில் இறங்காது. அதன் எட்டில் ஒரு பங்கு நகலை வாரஇறுதியில் ஓர் ஏரியில் ஓட்ட முடியும். ஒரு பாதிரியாரின் எண்ணத்தை ஃபுரூட் சிறு மாதிரியில் சோதித்தபோது, பெரிய படகைக் கட்டிப் பணத்தை இழக்காமல் உண்மையை அறிய வழி கிடைத்தது. அதே எண்ணம் வேகமாக வளர்ந்து மனித உயிர்களைக் கேட்டபோது, உயிரை இழக்காமல் அதன் எல்லையைத் தொட்டுப் பார்க்கவும் சிறு மாதிரியே வழி தந்தது.